படகில் கழித்த ஓய்வு



யாழ்ப்பாணத்துச் செம்மண் கிராமமொன்றில் பிறந்தவனுக்குத் தண்ணீர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கிணறுதான். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறும் மாரி காலத்தில் மட்டுமே தன்னை ஆறு என்று காட்டிக்கொள்ளும். மழைநீர் சுண்ணாம்புக் கல்லினுள் இறங்கி நிலத்தடியிலே கிடக்கும். அதை ஒரு காலத்தில் துலாவால் அள்ளினோம். பின்னர் இயந்திரத்தால் இறைத்தோம். ஆனால் வரைபடத்தை விரித்துப் பார்த்தால் நம்மைச் சுற்றியும் நமக்குள்ளேயும் நீர்தான். தெற்கே யாழ்ப்பாணக் கடலேரி, நடுவே உப்பாறு, வடமராட்சிப் பக்கம் தொண்டைமானாறு, மேற்கே தீவுகளுக்கிடையே ஆழமில்லாத கடல். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. அந்த வல்வெட்டித்துறையிலிருந்து சில மைல் உள்ளே, வள்ளத்தில் கால் வைக்காமலே முதுமை அடைந்தவர்களும் வாழ்ந்தார்கள். நான் இந்த இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவன்.

படகும் ஓய்வும் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். இந்த இரண்டு சொற்களும் நம்முடைய பேச்சில் பக்கத்தில் பக்கத்தில் வருவதில்லை. படகைப் பற்றிக் கதைக்கும்போது ‘கடந்தோம்’ என்கிறோம், ‘தப்பினோம்’ என்கிறோம், ‘அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம்’ என்கிறோம். ‘படகில் இளைப்பாறினோம்’ என்று சொன்ன யாழ்ப்பாணத்தவர் எத்தனை பேர்?

இரண்டு வருடங்களுக்கு முன்னர் அப்படிச் சொல்லக்கூடிய ஒரு வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. இங்கிலாந்தில் வாழும் என் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். அவருடைய மகன், என் மருமகன், ஒரு கால்வாய்ப் படகை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்திருந்தான். ஒக்ஸ்போர்ட் கால்வாயில், பான்பெரி என்ற ஊரிலிருந்து வடக்கே போய்த் திரும்பி வருவது என்பது ஏற்பாடு. அக்கா, மருமகன், அவன் மனைவி, நான் என நாலு பேர். ஒருவருக்கும் படகோட்டிப் பழக்கமில்லை. சாரதி அனுமதிப்பத்திரமும் யாரும் கேட்கவில்லை. அந்நாட்டில் ஓய்வுக்காக இந்தப் படகை வாடகைக்கு எடுப்பவருக்கு அது வேண்டியதில்லையாம். படகுத்துறைக்காரர் ஒரு மணித்தியாலம் சொல்லித் தந்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

அந்தப் படகின் வடிவமே விசித்திரமானது. அகலம் ஏழு அடிக்குச் சற்றுக் குறைவு. நீளம் எழுபது அடி வரை இருக்கலாம். எங்களுடையது ஐம்பத்தைந்து அடி. ரயில் பெட்டி ஒன்றை இன்னும் ஒடுக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டது போலிருக்கும். உள்ளே அடுப்பு, கட்டில், குளிக்கும் இடம் எல்லாம் வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக. ஓட்டுபவர் கடையாரிலே நின்றுகொண்டு சுக்கான் பிடியைப் பிடிக்க வேண்டும். பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். அதுவும் உடனே திரும்பாது. சொன்னதை யோசித்துப் பார்த்துவிட்டுத் திரும்புவது போல மெல்லத் திரும்பும். முன்பகுதி வலப்பக்கம் போகும்போது பின்பகுதி இடப்பக்கம் அரக்கும். முதல் நாளில் கரைப் புல்லை உரசாத புதியவர் கிடையாது என்று படகுத்துறைக்காரர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். வேகத்தின் உச்ச வரம்பு மணிக்கு 4 மைல். கட்டி நிற்கும் படகுகளைக் கடக்கும்போது அதையும் குறைக்க வேண்டும். கரையில் நாயோடு நடந்து வந்த ஒரு முதியவர் எங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு எங்களை முந்திப் போனார்.

கால்வாய் மேட்டு நிலத்தில் எப்படி ஏறும் என்று நீங்கள் கேட்கக்கூடும். அதற்குத்தான் ‘லொக்’ என்ற நீர்ப்பூட்டு. இரண்டு முனையிலும் கதவு வைத்த ஒரு கல் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கீழ்க் கதவால் படகை உள்ளே விட்டு, கதவைச் சாத்தி, மேற்பக்கத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டால் தொட்டி நிரம்பும். படகு தானே உயரும். பிறகு மேற்கதவைத் திறந்து வெளியே போகலாம். இயந்திரம் ஒன்றும் இல்லை. இரும்புத் திருகுபிடி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு நாமே இறங்கிச் சுற்ற வேண்டும், முதுகைக் கொடுத்துக் கதவைத் தள்ள வேண்டும். தொண்டைமானாற்றில் நாம் கதவு போட்டது உப்புநீர் உள்ளே வராமல் தடுப்பதற்கு. அவர்கள் கதவு போட்டது படகை மலையேற்றுவதற்கு.

குளேடன் என்ற இடத்தில் அடுத்தடுத்து ஐந்து நீர்ப்பூட்டுகளைக் கடந்து ஏறினால் கால்வாயின் உச்சிப் பகுதி வரும். அங்கே சுமார் 11 மைல் தூரத்துக்கு நீர்ப்பூட்டே கிடையாது. ஆனால் அந்த 11 மைலும் நேர்கோட்டில் பார்த்தால் ஏறக்குறைய 5 மைல்தான். கால்வாயைத் திட்டமிட்ட ஜேம்ஸ் பிரிண்ட்லி குன்றை வெட்டாமல், மேட்டைச் சுற்றிச் சுற்றி, ஒரே மட்டத்தில் நீரைக் கொண்டுபோயிருக்கிறார். 1769இல் தொடங்கிய வேலை 1790இல்தான் ஒக்ஸ்போர்ட்டை எட்டியது. தொடங்கிய மூன்றாம் ஆண்டே, 1772இல், பிரிண்ட்லி இறந்துவிட்டார். காலையில் இடப்பக்கம் தெரிந்த ஒரு பண்ணைவீடு மத்தியானம் வலப்பக்கம் தெரிகிறது. இருந்த இடத்திலேயே இருக்கிறோமா, போகிறோமா என்று சந்தேகம் வரும். ஓய்வு என்பது அந்தச் சந்தேகத்தில்தான் இருக்கிறது போலும்.

ஆனால் அந்த முதலாம் இரவு அக்கா தூங்கவில்லை. விடியற்காலையில் எழுந்து பார்த்தேன். கட்டிலின் விளிம்பில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சப்பாத்தும் போட்டபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“என்னக்கா, படுக்கேல்லையோ?” என்றேன்.

“தண்ணி வந்து பலகையிலை தட்டுற சத்தம் கேட்குது தம்பி. அந்தச் சத்தம் கேட்டால் எனக்குப் படுக்கேலாது” என்றார்.

படகு இரும்பாலானது, பலகை அல்ல. அக்காவின் காதில் கேட்டது வேறொரு படகு.

நேயர்களில் பலருக்கு நான் விளக்கத் தேவையில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். 1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் ஆனையிறவு வழியும் சங்குப்பிட்டி வழியும் அடுத்தடுத்து அடைபட்டன. குடாநாட்டைவிட்டு வெளியேறவும் உள்ளே வரவும் மிஞ்சியது கிளாலிக் கடலேரி. இரவிலே, விளக்கில்லாமல், ஒரு இயந்திரப் படகின் பின்னால் பல வள்ளங்களைக் கயிற்றால் தொடுத்து இழுத்துக்கொண்டு பூநகரிப் பக்கத்துக் கரைக்குப் போவார்கள். நோயாளிகள், பரீட்சை எழுதப் போகும் மாணவர்கள், வியாபாரிகள், கைக்குழந்தைக்காரிகள் எல்லோரும் அந்த வள்ளங்களில் இருந்தார்கள். 1993 சனவரி 2ஆம் திகதி இரவு கடலேரியில் பயணிகள் கொல்லப்பட்டார்கள். அது ஒரு இரவு மட்டுமல்ல. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த பின்னரும் ஆயிரக்கணக்கானோருக்கு வன்னிக்குப் போகும் வழி அதுவாகவே இருந்தது.

அக்கா 1993இன் பிற்பகுதியில் இரண்டு பிள்ளைகளோடு கிளாலியைக் கடந்தவர். சின்னவனுக்கு அப்போது நாலு வயது. சத்தம் போட்டுவிடுவானோ என்ற பயத்தில் வழி முழுவதும் அவன் வாயில் சீலைத் தலைப்பை வைத்துக்கொண்டிருந்தாராம். அந்தச் சின்னவன்தான் இப்போது படகு வாடகைக்கு எடுத்தவன். அவனுக்கு அந்த இரவு சிறிதும் நினைவில்லை. “அம்மாவுக்குச் சந்தோசமாய் இருக்கும் எண்டு நினைச்சன் மாமா” என்றான். அவனிலும் குறையில்லை. தாய் அவனுக்கு அதைச் சொல்லவேயில்லை.

மூன்றாம் நாள் உச்சிப் பகுதியில் போய்க்கொண்டிருக்கையில் அக்கா தானாகவே பின்பக்கம் வந்தார். சுக்கான் பிடியில் கையை வைத்தார். மருமகன் விலகி நின்றான். அரை மணித்தியாலம் அவரே படகை ஓட்டினார். ஒரு வளைவில் தாரா ஒன்று குஞ்சுகளோடு குறுக்கே போனது. படகை மெதுவாக்கி வழிவிட்டார். பிறகு, யாரையும் பார்க்காமல், “இதிலை விழுந்தால் இடுப்பளவுதானே தண்ணி. எழும்பி நடந்து போகலாம்” என்றார். அன்றிரவு தூங்கினார்.

அக்காவின் இந்தச் சொல் என்னை அந்தக் கால்வாய்களின் கதையைத் தேடிப் படிக்க வைத்தது. ஏனெனில் அந்த அமைதியான நீரும் ஓய்வுக்காக வெட்டப்பட்டதல்ல. 1761இல் திறக்கப்பட்ட பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் வேர்ஸ்லியிலிருந்து மன்செஸ்ரருக்கு நிலக்கரி கொண்டுபோவதற்காக வெட்டப்பட்டது. அதற்குப் பிறகு நாடு முழுவதும் கால்வாய்கள் பரந்தன. குதிரை கரையிலே நடந்து படகை இழுக்கும். பாலங்களின் மூலைகளில் அந்தக் கயிறு அறுத்த வடுக்கள் இன்றும் இருக்கின்றன. என் விரலை வைத்துப் பார்த்தேன், முழு விரலும் உள்ளே போகிறது. கரைவழி இல்லாத சுரங்கங்களில் மனிதர்கள் பலகையில் மல்லாந்து படுத்து, சுவரைக் காலால் உதைத்து உதைத்துப் படகை நகர்த்துவார்கள். ரயில் வந்து போட்டி கடுமையானதும் கூலி குறைந்தது. வீட்டு வாடகை கொடுக்க வழியில்லாத படகோட்டிகள் மனைவி மக்களைப் படகிலேயே குடியேற்றினார்கள். பத்தடி நீளமும் இல்லாத சிற்றறையில் ஒரு முழுக் குடும்பம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அந்தச் சிற்றறைகளில் எத்தனை பேர் இருக்கலாம் என்று வரம்பிடுவதற்கு 1877இல் பாராளுமன்றம் ஒரு சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. இன்று ஓய்வுப் படகுகளின் கதவுகளில் அழகாக வரையப்படும் ரோசாப் பூக்களும் கோட்டைகளும் அந்தக் குடும்பங்கள் தங்கள் சிற்றறைகளில் தீட்டி வைத்த சித்திரங்களே.

லொறிகளும் வந்தபின் கால்வாய்கள் தூர்ந்தன. 1939இல் எல். ரி. சி. ரோல்ற் என்ற பொறியியலாளர் நாங்கள் புறப்பட்ட அதே பான்பெரியில், ரூலி என்பவர்களின் படகுத்துறையில், ‘கிரெசி’ என்ற பழைய படகைத் திருத்தி, மனைவியோடு அதில் புறப்பட்டார். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 1944இல் வெளிவந்தது. அதைப் படித்தவர்கள் ஒன்றுகூடினார்கள். 1946இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் தோன்றியது. அடுத்த பல ஆண்டுகளில் சாதாரண மக்கள் சனி, ஞாயிறுகளில் மண்வெட்டியோடு வந்து சேற்றை அள்ளினார்கள், உடைந்த கதவுகளைப் புதுப்பித்தார்கள். ஒரு புத்தகம் ஒரு நீர்வழியைக் காப்பாற்ற உதவியது என்பது இலக்கிய நேயர்களுக்கு இனிய செய்தியல்லவா?

இங்கே எனக்குத் தெளிவான ஒன்றை உங்கள் முன் வைக்கிறேன். ஒரு நீர்வழி இன்பமாவது, அதைக் கடந்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் நீங்கிய பிறகுதான். சரக்குக்காக ஓடவேண்டிய தேவை போனபின்பே இங்கிலாந்துக் கால்வாயில் ஓய்வு வந்தது. எழுந்து நடந்து போகலாம் என்று தெரிந்தபின்பே என் அக்காவுக்குத் தூக்கம் வந்தது.

ஊர் திரும்பியதும் இந்த அளவுகோலை நம்முடைய நீரில் வைத்துப் பார்க்க விரும்பினேன். முதலில் காரைநகரிலிருந்து ஊர்காவற்றுறைக்குப் ‘பாதை’யில் போனேன். அந்தச் சொல்லைக் கவனியுங்கள். மிதந்து செல்லும் அந்தத் தட்டையான கலத்துக்கே பாதை என்று பெயர் வைத்திருக்கிறார்கள் நம்மவர். வழியும் அதுவே, வாகனமும் அதுவே. சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் மனிதருமாக ஏறி, கதை முடிவதற்குள் அக்கரை வந்துவிடும்.

பிறகு குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு. ஏறக்குறைய ஒரு மணித்தியாலப் பயணம். இங்கிலாந்தில் நான் கற்ற மெதுவை இங்கே அனுபவிக்கலாம் என்று போனேன். பொங்கும் சோளகக் காற்று. படகு தூக்கித் தூக்கிப் போட்டது. படகின் நடுவிலே அரிசி மூட்டைகள், எரிவாயு உருளைகள், கூடைக்குள் கோழிகள், ஒரு தையல் இயந்திரம். யாழ்ப்பாணத்து ஆசுபத்திரியிலிருந்து திரும்பும் ஒரு கிழவர் மகளின் தோளில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த ஒரு முதிய அம்மா நான் எங்கே போகிறேன் என்று விசாரித்தார். குதிரைகளையும் பெருக்கமரத்தையும் ஒல்லாந்தர் கோட்டையையும் பார்க்கப் போகிறேன் என்றேன்.

“நீங்கள் சுத்திப் பார்க்க வாறியள். நாங்கள் வீட்டை போறம்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எங்கள் இருவருக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னார், அவ்வளவுதான். பிறகு அவரே தொடர்ந்தார்: “கடல் நல்லாயிருந்தால் படகு ஓடும். இரவிலை வருத்தம் வந்தால் விடியுமட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேணும்.”

இதே வழியில் 1985 மே 15ஆம் திகதி ‘குமுதினி’ படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பெண்களும் கைக்குழந்தையும் உட்படப் பயணிகள் கடற்படையினரால் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் நெடுந்தீவில் உறவினர்கள் கூடி விளக்கேற்றுகிறார்கள். அதற்குப் பின்னரும் அதே குமுதினி திருத்தப்பட்டுப் பல ஆண்டுகள் ஓடியது. அதே மக்கள் அதே பலகையில் இருந்து போய்வந்தார்கள். வேறு என்ன செய்வது? அவர்களுக்கு அது உல்லாசப் பயணமுமல்ல, வீரமுமல்ல. சந்தைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போகும் தெரு.

நெடுந்தீவு அழகான இடம்தான். முருகைக் கல்லை அடுக்கிய வேலிகளையும், வெயிலில் மேயும் குதிரைகளையும், அடி பருத்த பெருக்கமரத்தையும் பார்க்க வேண்டியதுதான். ஆயினும் அந்த அம்மாவின் சொல் என்னோடு கூடவே நடந்தது. தீவுகளுக்கு உல்லாசப் பயணிகளைக் கொண்டுவரலாம், கடலேரியில் படகு விடலாம் என்று இன்று பலர் பேசுகிறார்கள். நல்லது. வருமானம் வரும். ஆனால் வரிசை முறை ஒன்று உண்டு. கிழவர் ஒருவர் நள்ளிரவிலும் நம்பி ஏறக்கூடிய படகு முதலில் வரட்டும். வேடிக்கை பார்ப்பவனின் படகு அதன் பின்னால் வரட்டும். முன்னதைச் செய்யாமல் பின்னதைச் செய்தால், ஒருவருடைய இளைப்பாறுதல் இன்னொருவருடைய காத்திருப்பின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

கடைசியாகக் கிளாலிக்கும் போனேன். சங்குப்பிட்டிப் பாலம் 2011 சனவரியில் திறக்கப்பட்டுவிட்டது. ஏ-9 வீதியும் திறந்திருக்கிறது. ஆதலால் அந்தக் கடலேரியை இரவில் கடக்க வேண்டிய கட்டாயம் இன்று ஒருவருக்கும் இல்லை. தடிகள் நட்டு வலை கட்டியிருந்தார்கள். கொக்குகள் நின்றன. ஒரு இளைஞன் கோல் தாங்கி வள்ளத்தைக் கரைக்குக் கொண்டுவந்தான். கேட்டவுடன் என்னை ஏற்றிக்கொண்டு சிறிது தூரம் போய்வந்தான். கோலைக் கையில் தந்து, எப்படி ஊன்றுவது, எப்படிச் சேற்றிலிருந்து இழுப்பது என்று காட்டினான். வயதென்ன என்றேன். இருபத்திரண்டு என்றான். இந்த நீரில் முன்னர் என்ன நடந்தது என்று தெரியுமா என்றேன். “அப்பா கொஞ்சம் சொல்லியிருக்கிறார் ஐயா” என்றான்.

அந்தக் ‘கொஞ்சம்’தான் எனக்குக் கவலை. கட்டாயம் நீங்கியதும் நீர் அழகாகிவிடும். அது இயல்பு, அதில் பிழையில்லை. இங்கிலாந்தில் கயிறு அறுத்த வடுவைப் பாலத்தின் கல்லிலே விட்டுவைத்திருக்கிறார்கள். பூசி மெழுகவில்லை. அந்த வடுவைப் பார்த்தபடியே மக்கள் இளைப்பாறுகிறார்கள். நம்முடைய நீருக்குக் கல் இல்லை. வடு மனிதர்களிடம்தான் இருக்கிறது. அவர்கள் சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை. என் அக்கா முப்பது ஆண்டு சொல்லாமலிருந்தார். அந்தக் கால்வாயின் ஐந்தாம் நாள் மாலை, படகைக் கரையில் கட்டிவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் மகனுக்கு முழுவதையும் சொன்னார். மருமகன் இடையில் ஒன்றும் கேட்கவில்லை. கோப்பையில் தேநீர் ஆறிக் கிடந்தது.

ஆகவே நேயர்களே, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு படகில் போங்கள். காரைநகர்ப் பாதையில் போங்கள், நெடுந்தீவுக்குப் போங்கள், கிளாலிக் கரையில் ஒரு மாலை நில்லுங்கள். அவர்கள் கையில் சுக்கானையோ கோலையோ கொடுத்துப் பாருங்கள். அவர்கள் பயமில்லாமல் அதைப் பிடித்த பிறகு, உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.